ஒரே செமஸ்டரில் வெப் டிசைனும் நெட்வொர்க்கிங்கும் படித்தேன்

சேரும்போது என் கணக்கு எளிமையாக இருந்தது. வெப் டிசைன் ஜாலி, நெட்வொர்க்கிங் தலைவிதி. முடிக்கும்போது அப்படியே தலைகீழாகிவிட்டது. எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை, வேறு கல்லூரிகளில் இதே பாடங்களைப் படித்த நண்பர்களும் பாதிக்குப் பாதி இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

வெப் டிசைன் முதல் வாரம் அருமையாகப் போனது. நோட்பேடில் நாலு எச்டிஎம்எல் டேக் (பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் குறியீடு) எழுதி, சேவ் செய்து, பிரவுசரில் திறந்தால் நம் எழுத்து திரையில் வந்து நிற்கும், அந்த சந்தோஷத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் வாரமே டேபிள் வைத்துப் பக்கத்தைக் கட்டச் சொன்னார்கள். மெனுவுக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒரு கட்டம், உள்ளே இன்னொரு டேபிள். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கவே உள்ள சிஎஸ்எஸ் கிரிட் 2017லேயே பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது, ஆனால் பாடத்திட்டத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போல. பக்கத்தில் அனிமேஷன் ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷுக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அடோபி 2020 டிசம்பர் 31ஓடு கைகழுவிய சரக்கு அது, நடத்திய ஆசிரியருக்கே பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

தேர்வு இன்னும் வேடிக்கை. எச்டிஎம்எல்லைப் பேனாவால் தாளில் எழுத வேண்டும். பத்தியை மூடும் டேகை விட்டுவிட்டதற்கு எனக்கு மதிப்பெண் போனது. அந்த டேகை எழுதாமல் விடலாம் என்று எச்டிஎம்எல் விதியே பல இடங்களில் அனுமதிக்கிறது, பிரவுசரும் ஒன்றும் சொல்லாது, திருத்துகிறவர்தான் விடமாட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டிசைன் என்று பெயர் வைத்துவிட்டு டிசைனையே சொல்லித்தராததுதான் என் பெரிய புகார். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்று அணுகல்தன்மை விதி ஒன்று இருப்பதே படிப்பை முடித்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்துதான் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விதிவிலக்காக மூன்று வாரம் மட்டும் ஒரு பகுதிநேர ஆசிரியர் வந்தார். பாடமே எடுக்கவில்லை. ஒருவர் செய்த பக்கத்தைத் தன் போனில் திறந்து இன்னொருவர் கையில் கொடுத்து, "இதில் தொடர்பு எண்ணைக் கண்டுபிடி" என்பார். செய்தவர் வாயைத் திறக்கக்கூடாது. என் பக்கத்தை வாங்கிய பையன் மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். எண் இருந்தது, அழகாகச் செதுக்கிய ஒரு படத்துக்குள், போன் திரையில் எறும்பு அளவுக்கு. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்ட அளவு மற்ற மாதங்களில் சேர்த்தாலும் இல்லை.

நெட்வொர்க்கிங் ஆரம்பம் படுமோசம். நெட்வொர்க் வேலையைக் கேபிளிலிருந்து செயலி வரை அடுக்கடுக்காகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய், வரிசை மாறினால் பூஜ்யம். இணையம் ஓடுவது டிசிபி/ஐபி என்ற நெறிமுறைகளில், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் அதற்கு மாறியது 1983 ஜனவரி 1இல், ஓஎஸ்ஐ மாதிரி தரநிலையாக வந்தது அடுத்த வருஷம்தான். பிறகு ஏன் இந்த ஏழு என்று கேட்டேன். "கேபிள் பிடுங்கிக் கிடக்கும்போது பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்காமல் இருப்பதற்கு" என்றார் ஆசிரியர். அன்று கிண்டலாகத் தெரிந்தது. இன்று எங்காவது நெட் வரவில்லை என்றால் கை தானாகக் கீழிருந்து மேலே போகிறது: விளக்கு எரிகிறதா, கணினிக்கு ஐபி முகவரி வந்ததா, தளத்தின் பெயர் ஐபி முகவரியாக மாறுகிறதா. 169.254இல் ஆரம்பிக்கும் முகவரியைப் பார்த்தால் முகவரி கொடுக்கும் டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை என்று உடனே புரிந்துவிடும்.

ஒரு நெட்வொர்க்கைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கில் இரண்டு வாரம் தலை சுற்றியது. 256 முகவரி உள்ள /24 நெட்வொர்க்கை /26 ஆக்கினால் நாலு துண்டு, ஒவ்வொன்றிலும் 64 முகவரி, இரண்டை விட்டால் கருவிகளுக்கு 62. இப்போது சுலபமாகச் சொல்கிறேன், அப்போது 0, 1 மட்டும் உள்ள இரும எண்ணில் போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் பிடிபட்டது. அதற்கு முன் முகவரிகளை அளவுவாரியாகப் பிரித்த பழைய ஏ, பி, சி வகுப்புகளை உருப்போட வைத்ததுதான் வீண். 1993இலேயே அந்த முறைக்குப் பதில் வேறு முறை வந்துவிட்டது, ஒரு மணிநேர வரலாறாகச் சொல்லி முடித்திருக்கலாம்.

லேப்தான் இந்தப் பாடத்தின் உயிர். கேபிளுக்கு ஆர்ஜே45 முனை அடிக்கச் சொன்னபோது நான் பச்சை ஜோடியை அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், முனையின் எட்டு இடங்களில் மூன்றிலும் நாலிலும். இரண்டு முனையிலும் அதே தவறு என்பதால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. ஆனால் நீளமான கேபிளில் போட்டால் கோப்பு நகரவே மாட்டேன் என்றது. பச்சை ஜோடி போக வேண்டியது மூன்றுக்கும் ஆறுக்கும், நீலம் நடுவில் வர வேண்டும். ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியைப் பிரித்துவிட்டால் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் உள்ளே வந்துவிடும், சாதாரண டெஸ்டருக்கு அது தெரியாது. புத்தகத்தில் இதை நூறு முறை படித்திருந்தாலும் மறந்திருப்பேன்.

இன்னொரு நாள் யாரோ ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிட, மொத்த லேபும் படுத்துவிட்டது. ஆசிரியர் திட்டவில்லை, பலகைக்குப் போய் ஒரு செய்தி வளையத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகுவதை வரைந்தார். 1985இல் ரேடியா பெர்ல்மன் வளையத்தைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையை உருவாக்கியது இந்தத் தொல்லைக்குத்தான், அது இல்லாத மலிவு சுவிட்சில் இப்படித்தான் நடக்கும் என்றார். ஆனால் வகுப்புக்கே இரண்டு ரௌட்டர்தான். மற்றபடி நெட்வொர்க்கைத் திரையிலேயே போலியாக ஓட்டிக் காட்டும் பேக்கெட் டிரேசரில்தான் ஓட்டினோம். பழகுவதற்கு அது நல்ல மென்பொருள்தான், சந்தேகமில்லை, ஆனால் அதில் கேபிள் ஒருபோதும் தளர்வாக இருக்காது.

அப்புறம் நெட்வொர்க்கில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் வகுப்பு. வெப் டிசைனில் நான் செய்து முழு மதிப்பெண் வாங்கிய லாகின் பக்கத்தையே லேப் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினேன். வயர்ஷார்க் திரையில் இரண்டும் மறைக்காமல் அப்படியே தெரிந்தன, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சத்தமாகப் படித்தும் காட்டினான். முழு மதிப்பெண் போட்டவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவரிடமே போனேன். "அது நெட்வொர்க்கிங்கில் வரும்" என்றார். நெட்வொர்க்கிங் ஆசிரியரிடம் இதை மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழ் போடுவது எப்படி என்று கேட்டால், "அது வெப் ஆட்கள் வேலை".

இரண்டு பாடத்துக்கும் நடுவில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லை. தளத்துக்கு டொமைன் பெயர் வாங்கி, அந்தப் பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவைத் திருத்துவது, திருத்திய பிறகும் பழைய முகவரியே கொஞ்ச நேரம் ஏன் வருகிறது, சர்வரில் கோப்பை எங்கே வைப்பது, எதுவும் இல்லை. என் தளத்தை முதன்முதலில் ஏற்றியபோது எழுத்தெல்லாம் வந்தது, படம் ஒன்றுகூட வரவில்லை. என் கணினியில் நன்றாக வந்ததே என்று ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, எச்டிஎம்எல்லில் நான் எழுதியது சின்ன எழுத்து. விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது.

ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நெட்வொர்க்கிங் எடுங்கள், லேப் இருந்தால் மட்டும். அதை முடித்துவிட்டு நேரே சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ எழுதிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், 2020இலிருந்து இருக்கும் 200-301 தேர்வில் ஆட்டோமேஷன், தரவை எழுதும் வடிவமான ஜேசன் எல்லாம் வருகிறது, எங்கள் பாடத்தில் அந்தப் பேச்சே இல்லை. வெப் டிசைனைக் கல்லூரியில் படிப்பது, உங்கள் பக்கத்தை உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்ல ஓர் ஆள் இருந்தால் சரி. வெறும் டேகுகளுக்கு மொசில்லாவின் எம்டிஎன் ஆவணங்கள் இலவசமாகவே இருக்கின்றன, எங்கள் புத்தகத்தைவிடப் புதியவை.

சேரும் முன் லேபைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், சுவிட்சில் விளக்கு எரிகிறதா, மேலே தூசி எவ்வளவு என்று பாருங்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாற்பது பேருக்கு இரண்டு ரௌட்டர் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.