லேசர் கட்டரில் 'கூலிங்' முடியாமல் நின்றபோது: மூன்று ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 40 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் கட்டர். லேசர் ஒளி உண்டாகும் கண்ணாடிக் குழாய், அதைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிட உள்ளேயே ஒரு பம்ப், அந்தத் தண்ணீரின் சூட்டை வெளியேற்ற ஒரு சின்ன ரேடியேட்டர், அதன் பின்னால் ஒரு ஃபேன். வீட்டில் ஒரு சிறிய அறையில் வைத்து மூன்று ஆண்டுகளாக அக்ரிலிக்கும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் வெட்டி வருகிறேன். முதல் ஒன்றரை ஆண்டு எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது.

ஒரு வேலை முடிந்ததும் திரையில் 'கூலிங்' என்று வரும். தண்ணீர் 27 டிகிரிக்கு இறங்கினால்தான் அடுத்த வேலையைத் தொடங்க விடும். ஐந்து நிமிடத்தில் மறைந்துகொண்டிருந்த அந்த எழுத்து பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நீண்டது. ஒருநாள் முக்கால் மணி நேரம் காத்திருந்தும் போகவில்லை. இதற்கு முன்பே ஓர் அறிகுறி இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. நீண்ட வேலைகளில் கடைசியாக வெட்டும் துண்டுகள் மட்டும் முழுதாக அறுபடாமல் ஒட்டிக்கொண்டு நின்றன. அது தண்ணீர் சூடானதன் விளைவு என்று தெரியாமல் பவரைக் கூட்டி வைத்தேன். அதனால் சூடு இன்னும் ஏறியதுதான் மிச்சம்.

இந்த வகை லேசரில் உள்ளே போகும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒளியாக மாறினாலே பெரிய விஷயம். மீதி எல்லாம் வெப்பம். 40 வாட் ஒளி வருகிறது என்றால் 150, 200 வாட்டுக்கும் மேலான சூட்டைத் தண்ணீர் விடாமல் சுமந்து போக வேண்டும். குழாய்க்கு ஏற்றது 15 முதல் 25 டிகிரி வரை. 30-ஐத் தாண்டினால் ஒளியின் வலு குறையும், குழாயின் ஆயுளும் குறையும். அதனால் அந்த 27 என்ற வரம்பை 32 என்று மாற்றிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். எழுத்து மறையும், குழாய் தேயும்.

நான் முதலில் பம்ப்பைச் சந்தேகப்பட்டு அதை மாற்றினேன். ஒரு பலனும் இல்லை. அப்புறம்தான் ஒரு நோட்டை எடுத்து, வேலை முடிந்த நொடியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் தெரியும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். சூடு இறங்கவில்லை என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை, எப்படி இறங்காமல் நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

எண் தொடக்கத்திலிருந்தே அசையாமல் நின்றால் தண்ணீர் ஓடவில்லை, இல்லையென்றால் ஃபேன் சுற்றவில்லை. எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. குளிர்விக்கும் தண்ணீரின் மட்டம் குறைந்து, குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்திருந்தது. பம்ப் ஓடும்போதே கருவியை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்ததில் குமிழி வெளியேறியது. தண்ணீர் வெளியேறும் முனை மேல்நோக்கி இருந்தால் குமிழி தங்காது. குமிழியோடு லேசரை ஓட்டக் கூடாது, அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி சூடேறி விரிசல் விடும். தண்ணீர் நிரப்பும்போது வாலை வடித்த நீர்தான் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் உப்பு இருக்கிறது, மின்சாரம் கடத்தும்.

எண் ஏறி இறங்கித் துள்ளினால் சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். பெரும்பாலும் இருப்பது 25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டும் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், 30 டிகிரியில் ஏறக்குறைய 8 இருக்கும். சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம். இதில் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கனெக்டர் தளர்ந்தால் தடை கூடும், அப்போது கருவி உண்மையைவிடக் குளிர்ச்சியாகக் காட்டும். கூலிங் முடியாமல் நிற்பதைவிட அதுதான் ஆபத்து. மூடியைத் திறக்கும் எவரும் குழாயின் முனைகள் பக்கம் கையைக் கொண்டுபோகக் கூடாது. பவர் சப்ளை பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் தருவது, நிறுத்திய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

என் நோட்டில் இருந்தது மூன்றாவது வகை. 32-லிருந்து 29-க்கு நான்கே நிமிடத்தில் இறங்கிய எண், 28.4-இல் போய் நின்றுவிட்டது. பம்ப்பும் ஃபேனும் சரியாக இருந்தால்தான் அந்த வேகத்தில் இறங்கும். ரேடியேட்டரால் தண்ணீரைத் தன்மேல் வீசும் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது, அந்த அளவை நெருங்க நெருங்க வேகமும் குறைந்துகொண்டே போகும். ஆனால் அறை நடுவில் 24 டிகிரிதானே என்று குழம்பினேன். தெர்மாமீட்டரைக் கருவியின் பின்பக்கம், காற்றை இழுக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். 28 காட்டியது.

இடம் மிச்சப்படுத்துவதற்காகச் சில மாதங்களுக்கு முன் கருவியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தேன். ரேடியேட்டர் வெளியே விட்ட சூடான காற்று போக வழியில்லாமல் திரும்பி அதே ஃபேனுக்குள் போய்க்கொண்டிருந்தது. இரண்டு சாண் முன்னால் இழுத்து வைத்து, காற்றை இழுக்கும் வாய்க்கும் வெளியே விடும் வாய்க்கும் நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு நிறுத்தினேன். அன்றே 27-க்கு இறங்கியது.

ரேடியேட்டர் தகடுகளின் இடுக்கில் எம்டிஎஃப் புகையின் பிசுபிசுப்பான கரியும் தூசியும் சேர்ந்து கம்பளி போல அடைத்திருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். மென்மையான பிரஷ்ஷால் தட்டி, வேக்குவமால் உறிஞ்சி எடுத்தேன். தகடு எளிதில் மடங்கும், அழுத்தக் கூடாது. இப்போது மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன்.

அறையே 27-க்கு மேல் போகும் நாட்களில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் பலன் இல்லை. அன்று அதிகாலையில் வெட்டுகிறேன், அல்லது ஏசி போட்டபின் வெட்டுகிறேன். தினமும் பல மணி நேரம் ஓட்டுபவர்களுக்குக் கம்ப்ரசர் உள்ள சில்லர் (தண்ணீரைக் குளிரூட்டும் தனிக் கருவி) தேவைப்படும். வாங்கும்போது கம்ப்ரசர் இருக்கிறதா என்று பாருங்கள், சில்லர் என்ற பெயரில் வெறும் ரேடியேட்டரும் ஃபேனும் மட்டும் உள்ளவையும் விற்கின்றன. ஈரப்பதம் அதிகமான நாளில் மிகவும் குளிரவும் வைக்காதீர்கள், குழாயின் வெளிப்புறம் வியர்க்கும்.

போன வாரம் 35 நிமிடம் அக்ரிலிக் வெட்டினேன். முடிந்தபோது தண்ணீர் 29.6, பின்பக்கக் காற்று 24. எட்டாவது நிமிடத்தில் 'கூலிங்' மறைந்தது.