பெங்களூரு வாடகை வீட்டில் வெந்நீர்: ராடா, கீசரா, கேஸா, சோலாரா?

சென்னையில் கரண்ட் பில்லை ஏற்றுவது ஏசி என்றால், பெங்களூரில் அது வெந்நீர். பல்பெல்லாம் எல்இடி ஆகிவிட்டது, ஃபேனுக்கும் பல மாதம் வேலையில்லை. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் குளியலறையில்தான் தொடங்க வேண்டும்.

20 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்றே குறைவாகச் செலவாகும். நாலு பேர், ஆளுக்கொரு வாளி என்றால் மாதம் சுமார் 55 யூனிட். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய கணக்கு. 200 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாத பில் முழுவதையும் நாமே கட்ட வேண்டும்.

ராடு கரண்டை உறிஞ்சும், கீசர் சிக்கனம் என்று எங்கள் அல்சூர் பக்கம் சொல்வார்கள். அது சரியல்ல. வாளியில் முக்கும் ராடு, 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர், 15 லிட்டர் டேங்க் கீசர் மூன்றுமே ஒரு வாளியைச் சூடாக்க ஏறக்குறைய ஒரே அளவு கரண்ட்தான் எடுக்கும். ராடின் குறை அதன் ஆபத்துதான். சுவிட்சை அணைக்காமல் சூடு பார்க்கத் தண்ணீரில் கை வைத்தால் உயிருக்கே உலை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கீசரில் காசு போவது சும்மா இருக்கும் நேரத்தில். டேங்கிலிருந்து சூடு கசிந்துகொண்டே இருக்கும், தெர்மோஸ்டாட் மறுபடி மறுபடி காயிலை ஓட்டும். ஸ்டார் லேபிள் அளப்பதும் இந்தக் கசிவைத்தான். எங்கள் வீட்டில் முன்பு ராத்திரியே சுவிட்ச் போட்டுவிடுவோம், சூட்டையும் உச்சத்தில் வைப்போம். கொதிக்கக் கொதிக்க வந்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவித்தான் குளிப்போம். இப்போது 50 டிகிரி. 2 கிலோவாட் கீசர் 15 லிட்டரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவரக் கால் மணி நேரம் போதும், விளாவினால் ஒரு வாளி நிறையும். ஒருவர் குளித்துத் துவட்டி வருவதற்குள் அடுத்தவருக்குத் தயார். கடைசி ஆள் வாளி பிடித்ததும் சுவிட்சை அணைத்துவிடுவோம்.

இன்ஸ்டன்ட்டில் கசிவு கிடையாது. ஆனால் 3 கிலோவாட் தாங்கும் வயரிங் வேண்டும், வாளி நிறைய பத்து நிமிடம் ஆகும். சமையலறை சிங்க்குக்கு அது பொருத்தம்.

கேஸ் கீசர் மீட்டரைத் தொடாது. அதே நாலு வாளிக்கு 14.2 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய இரண்டரை மாதம் வரும். அதற்காக அதைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காற்றோட்டமில்லாத இடத்தில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. கதவைச் சாத்திக் குளிப்பவர் மயங்கி விழுவது யாருக்கும் தெரியாது. வெளியே பால்கனியில் மாட்டிக் குழாய் இழுக்க இடமிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

சோலார்தான் என் முதல் தேர்வு, மொட்டை மாடி நம் கையில் இருந்தால். வெயில் நாளில் கரண்டே வேண்டாம். போர்வெல் தண்ணீர் என்றால் கண்ணாடிக் குழாய்களில் உப்பு படியும், அவ்வப்போது சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் குழாயில் முதலில் வருவது ஆறிய தண்ணீர்தான். அதை வீணாக்காமல் ஒரு வாளியில் பிடித்தால் துணிக்கு ஆகும். மழைக்காலத்தில் டேங்குக்குள் இருக்கும் மின் காயிலை நாள் முழுக்கப் போட்டு வைப்பது பெரிய தவறு. 200 லிட்டரை 25 டிகிரி ஏற்றவே கிட்டத்தட்ட 6 யூனிட் போகும். மூடலான நாளில் கீழே இருக்கும் சின்ன கீசரே மேல்.

வாடகைக்கோ போகியத்துக்கோ வீடு பார்க்கும்போது, அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சோலார் லைன் நம் குளியலறை வரை வருகிறதா? மாடி டேங்கின் காயில் யார் மீட்டரில் ஓடுகிறது?