எச்சரிக்கை: மடக்குக் கத்திக்கு கைப்பிடி மாத்தக் கொடுத்தேன், பிளேடையே மாத்திட்டான், 6,500 ரூபா போச்சு

கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கத்தி கஸ்டம் பண்ணித் தர்றோம்னு வீடியோ போட்டு ஆர்டர் எடுக்கிற ஒரு பட்டறைகிட்ட 6,500 ரூபாயும் எங்க அப்பா கத்தியோட பிளேடும் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கேன். புகார் கொடுத்தாச்சு, அதனால பேர் போடல. கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க.

நாங்க பாண்டிச்சேரி. அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரர், அங்க இருந்து ரிட்டையர் ஆகி வந்தப்போ கொண்டுவந்த ஒப்பினெல் 8-ம் நம்பர் கத்தி அது. தெரியாதவங்களுக்காக சொல்றேன், 1890-ல பிரான்ஸ்ல சவோய் மலைப்பக்கம் ஜோசப் ஒப்பினெல்னு ஒருத்தர் செய்ய ஆரம்பிச்ச குடியானவங்க கத்தி, பீச் மரக் கைப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் பிளேடு, கழுத்துல ஒரு இரும்பு வளையம் இருக்கும், திருப்பினா பிளேடு மடங்காம நிக்கும், அந்த வளையம் 1955-ல வந்தது. பிளேடுல கிரீடம் வச்ச ஒரு கை முத்திரை இருக்கும். அந்த ஊர்ல இது பெரிய விலை சாமானே இல்ல, சந்தைக்குப் போறவங்க பாக்கெட்ல கூட இருக்கும். ஆனா எங்க வீட்டுல அது அப்பா.

அப்பாவோடது கார்பன் ஸ்டீல். ஈரத்தோட விட்டா துரு ஏறும், துடைச்சு எண்ணெய் தடவி வைக்கணும், ஆனா சாணைக்கல்லுல நாலு இழுப்பு இழுத்தா போதும் முடியை வெட்டும். எத்தனையோ வருஷமா மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கி நறுக்கி பிளேடு முழுக்க நீலமும் சாம்பலுமா ஒரு நிறம் ஏறியிருந்துச்சு. பீச் மரம் ஈரம் குடிச்சு ஊதிக்கும், ஐப்பசி மழையில பிளேடு வெளிய வராது, அப்பா கைப்பிடியோட அடிப்பக்கத்தை மேஜை விளிம்புல ஒரு தட்டு தட்டுவாரு, பிளேடு நுனி எட்டிப் பாக்கும், பிடிச்சு இழுத்துடுவாரு. போன மழைக்கு அந்தக் கைப்பிடி நீளவாக்குல பிளந்துடுச்சு. தம்பி பிரான்ஸ்ல இருந்து லீவுல வர்றான், ஈட்டி மரத்துல புதுக் கைப்பிடி போட்டு அப்பா பேர் பொறிச்சு அவன் கையில கொடுக்கணும்னு எனக்கு ஆசை.

அந்தப் பட்டறைக்காரன் வேலை தெரிஞ்சவன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமா இருக்கு. போட்டோ அனுப்பின உடனே "அக்கா இது கார்பன்தானே, நிறத்தைப் பாத்தாலே தெரியுது, பாலிஷ் போடுற பஃபிங் வீல் பக்கமே கொண்டு போக மாட்டேன், இந்த நிறம் காசு கொடுத்தாலும் வராது"ன்னு அவனாதான் சொன்னான். நான் கேக்கவே இல்ல. அப்பா பேரை எப்படி எழுதுவீங்க, பிரெஞ்சுலயா தமிழ்லயான்னு பொறுமையா கேட்டான். நான் எழுதி அனுப்பினதும் "எங்க அப்பா கத்தி மாதிரி பாத்துக்கிறேங்க்கா"ன்னு வாய்ஸ் நோட் போட்டான். அந்த வாய்ஸ் நோட் இன்னும் என் போன்ல இருக்கு. அட்வான்ஸ் 4,000 ஜிபே பண்ணேன், முடிச்சுட்டேன்னு கைப்பிடி மட்டும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்பினான், பாக்கி 2,500-ம் போட்டேன். மொத்தம் 6,500.

பார்சல் வந்துச்சு. கைப்பிடி உண்மையிலேயே அழகு, பொய் சொல்ல மாட்டேன், ரேகையெல்லாம் ஓடுது, அப்பா பேர் சுத்தமா பொறிச்சிருக்கு. பிளேடைத் திறந்தேன், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. முத்திரை இல்ல. நகம் வச்சு இழுக்கிற பள்ளம் இடம் மாறியிருக்கு. வளையத்தைத் திருப்பினா சும்மா சுத்துது, பூட்டிக்கவே இல்ல, லேசா அழுத்தினதும் பிளேடு விரல் மேல மடங்க வந்துச்சு.

கைப்பிடி மாத்தணும்னா பிளேடைக் கைப்பிடியோட பிடிச்சிருக்கிற ஆணியைத் தட்டி எடுத்து பிளேடைத் தனியா உருவித்தான் ஆகணும், அங்கதான் வேலையைக் காட்டியிருக்கான்.

கேட்டா முதல்ல "பாலிஷ்ல முத்திரை அழிஞ்சிருக்கும்க்கா"ன்னான். பஃபிங் பக்கமே போக மாட்டேன்னு சொன்ன அதே வாய். சரி, முத்திரை அழியும், ஸ்டீலும் மாறிடுமா? எலுமிச்சம்பழத்தை வெட்டி அப்படியே பிளேடு மேல தேய்ச்சு வச்சேன், கார்பன்னா கொஞ்ச நேரத்துலயே கருக்க ஆரம்பிச்சிடும், இது ராத்திரி முழுக்க வச்சும் ஒரு புள்ளி கூட நிறம் மாறல. குரோமியம் கலந்த ஸ்டெயின்லெஸ் அது. வீடியோ எடுத்து அனுப்பினேன். அதுக்கு "காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டும், அப்போ கார்பன்தான்"னு பதில். கத்திக்குப் போடுற ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்துல ஒட்டத்தான் செய்யும், கத்தி செய்யுற இவனுக்கா அது தெரியாது? என்னைத் தெரியாதவன்னு நினைச்சு சொல்றான்.

அப்புறம் ஆரம்பிச்சது. மாஸ்டர் ஊருக்குப் போயிருக்காரு. பட்டறையில கரண்ட் இல்ல. வேற கஸ்டமர் பிளேடோட மாறியிருக்கும், தேடுறோம். கூரியர்ல மாத்தியிருப்பாங்கன்னு கூட சொன்னான், கூரியர்காரன் வழியில உக்காந்து ஆணியைக் கழட்டி வேற பிளேடு போட்டு மறுபடி தட்டி அனுப்புவானா? காசு 6,500-ஐ நீயே வச்சுக்கோ, பிளேடை மட்டும் திருப்பி அனுப்புடா தம்பின்னு கெஞ்சினேன். பாத்துட்டான், பதில் இல்ல. அவங்க வீடியோவுக்குக் கீழ கமென்ட் போட்டேன், அழிச்சிட்டு பிளாக் பண்ணிட்டான். என் தம்பி போன்ல இருந்து கூப்பிட்டா "ராங் நம்பர்"ங்கிறான், அதே குரல்.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்போ முடியல. கொடுக்கிறதுக்கு முன்னாடி முத்திரை, நகப் பள்ளம், பிளேடுல இருக்கிற கீறல் எல்லாத்தையும் கிட்டத்துல போட்டோ எடுங்க. பிளேடு முழுசா தெரியுற வீடியோ வராம பாக்கிக் காசு போடாதீங்க. பார்சலைப் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. ஏமாந்தா உடனே ஆன்லைன் பணமோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் பண்ணுங்க, நுகர்வோர் புகாருக்கு 1915. வளையம் பூட்டாத கத்தியைக் குழந்தைங்க கையில படாம வைங்க.

இன்னொண்ணு. பழைய கார்பன் பிளேடுக்கு வாங்குற ஆளுங்க இருக்காங்க, அவன் அதை எங்கயாவது விப்பான். எங்க அப்பா பிளேடுல கை முத்திரைக்குக் கீழ ஆணியால கிழிச்ச மாதிரி சாய்வா ஒரு கோடு இருக்கும், நுனி ஒரு நெல் அளவு உடைஞ்சு மொண்ணையா இருக்கும். யார் கண்ணுலயாவது பட்டா வாங்கிடாதீங்க, விக்கிறவன்கிட்ட எதுவும் கேக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்க.