சுற்றுச்சூழலைக் காக்கச் செய்திப் படமா, கருத்துக் கேட்பா?

எண்ணெய்க் கழிவு மிதந்த அமெரிக்காவின் கயஹோகா ஆற்றில் 1969 ஜூன் மாதம் பற்றிய தீ சுமார் அரை மணி நேரத்தில் அணைக்கப்பட்டது. அதைப் பற்றி எழுதிய டைம் இதழ் வெளியிட்டதோ அதே ஆற்றில் 1952ஆம் ஆண்டு பற்றிய தீயின் படம். ஆயினும் அந்தச் செய்தி எழுப்பிய கொந்தளிப்புக்கு 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் பங்குண்டு. ஊடகத்தின் வலிமை இந்த வேகமே. ஆனால் சட்டத்தின் உட்பிரிவுகள் எழுதப்படும் வேளையில் அதன் கவனம் பெரும்பாலும் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பு பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான, 1998ஆம் ஆண்டின் ஆர்ஹஸ் உடன்படிக்கை காட்டும் வழி வேறு: மாற்று வழிகள் அனைத்தும் திறந்திருக்கும் தொடக்கக் கட்டத்திலேயே மக்களின் கருத்தைக் கேட்டு, அதை முடிவில் உரியவாறு கருத்தில் கொள்ள வேண்டும், தவறினால் நீதிமன்றத்தை நாடலாம். இது மெதுவானது, தலைப்புச் செய்தியாகாதது. எனினும், சட்டம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் ஓர் ஈரநிலத்தைக் காக்க, கோப்பில் பதிவாகி வழக்கில் சான்றாக நிற்கும் கருத்துக் கேட்பு மனுவையே நான் தேர்ந்தெடுப்பேன்.