கோ-கார்ட் கார்பரேட்டர்: எஞ்சினோடு வந்ததா, 22 மி.மீ. ஸ்லைடா?

அக்கா பையனும் அவன் கல்லூரி நண்பர்களும் கட்டிய கோ-கார்ட்டில் (குட்டி ரேஸ் வண்டி) இரண்டு கார்பரேட்டரையும் மாட்டிப் பார்த்தாயிற்று. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பதுதான் கார்பரேட்டர். இப்போது அதில் இருப்பது எஞ்சினோடு வந்த கார்பரேட்டர், மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள பித்தளைத் துண்டு) மட்டும் மாற்றியது. ஸ்லைடு கார்பரேட்டர் என் பட்டறை அலமாரியில் தூங்குகிறது. ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

எஞ்சின் ஹோண்டா ஜிஎக்ஸ்200 வகை: 196 சி.சி., 68 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 54 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). வாழைத்தோட்டத்துப் பம்ப்செட்டில் பார்க்கிற அதே குடும்பம். போட்டிக்கு நிற்பது மிக்குனி நிறுவனத்தின் விஎம்22 அமைப்பில் வரும் ரவுண்ட் ஸ்லைடு, அதாவது உருளை ஒன்று ஏறி இறங்கிக் காற்றுவழியைத் திறந்து மூடும் வகை. நாங்கள் வாங்கியது அதன் நகல்தான்.

விலை, தோற்றம், சத்தம் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஜெட் மாற்றுவது மலிவு. ஸ்லைடுக்கு மேனிஃபோல்டு, ஃபில்டர், கேபிள் என்று கூடவே ஒரு பட்டியல் வரும். அழகும் உறுமலும் ஸ்லைடுக்குத்தான், அதில் சண்டையே இல்லை.

சரி, வேகம் கூடுமா? கூடும், எந்த ஆர்.பி.எம்.மில் என்று பார்க்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் விடும் 3600 ஆர்.பி.எம்.மில் சிலிண்டர் முழுக்க நிறைந்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 350 லிட்டர் காற்றுதான் உள்ளே போகும். அதற்கு 22 மி.மீ. வாய் தேவையே இல்லை. வாய் அகலமானால் காற்று மெதுவாக ஓடும், ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் இழுவை குறையும், பெட்ரோல் பொடியாகச் சிதறாமல் துளியாகப் போகும். வளைவை விட்டு வெளியே வந்து மிதித்தால், வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். எங்கள் கார்ட்டில் இதுதான் நடந்தது.

ஸ்லைடின் அருமை தெரிய எஞ்சின் அதைவிட வெகுவாக மேலே சுற்ற வேண்டும். கவர்னரை விட்டுவிட்டு அங்கே போவதென்றால் அலுமினிய கனெக்டிங் ராடையும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையும் மாற்றியே ஆக வேண்டும். ராடு முறிந்தால் எஞ்சின் போகும். ஃப்ளைவீல் சிதறினால் ஆளே போகலாம். ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால்தான் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. வால்வு ஸ்பிரிங்கும் சேர்த்தால் கார்பரேட்டர் வாங்கப்போய் பாதி எஞ்சின் வாங்கிய கதை. நாங்கள் அந்த வேலைக்குப் போகவில்லை. டாக்கோமீட்டரைப் பார்த்துக்கொண்டு, ஸ்லைடு முழுக்கத் திறக்காதபடி கேபிளில் ஸ்டாப்பர் வைத்துத்தான் ஓட்டினோம். அதனால் முழுத் திறப்பில் ஸ்லைடு எப்படிப் பாயும் என்று நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்தச் செலவெல்லாம் செய்து முடித்தவர்களைக் கேட்பதே முறை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. கல்லூரிக் கார்ட் எத்தனை நாள் ஓடும்? போட்டிக்கு முந்தைய வாரங்களில் பறக்கும், அப்புறம் பரீட்சை, அப்புறம் லீவு. மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும். நம் குமரி மாவட்டத்திலோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, மிச்ச நாளுக்குக் கடல்காற்று. பங்கில் போடுவது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். அந்த அடியிலிருந்துதான் ஜெட்டுகளுக்குப் பெட்ரோல் போகிறது.

மழைக்காலம் கழிந்து பவுலை (கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணம்) கழற்றினால் தெரியும்: அடியில் பழுப்புப் பிசின், ஓரத்தில் அலுமினியம் பூத்து வெள்ளைப் பொடி. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தப் பொடியில் ஒரு துணுக்கு போதும். சோக் இழுத்தால் மட்டும் ஓடும், விட்டால் நின்றுபோகும். அல்லது லோடு இல்லாமல் நிற்கும்போது ஏறி இறங்கி ஏறி இறங்கி உறுமும். இரண்டும் பைலட் வழி அடைத்து கலவை லீனாகிவிட்டதற்கு, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போனதற்கு அடையாளம்.

எஞ்சினோடு வந்த கார்பரேட்டரில் இதைச் சரிசெய்வது தேநீர் ஆறுமுன் முடிகிற வேலை. பவுலைப் பிடித்திருப்பது அடியில் ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட். கழற்றினால் மெயின் ஜெட் நேராகக் கண்ணுக்குத் தெரியும். பைலட் ஜெட் மேலே, ஐடிலிங் ஸ்க்ரூவுக்குக் கீழே. ஸ்க்ரூவை எடுத்துவிட்டு மெல்ல நெம்பினால் கையோடு வந்துவிடும். கார்பரேட்டரை எஞ்சினிலிருந்து இறக்கவே வேண்டாம். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். குத்துவதென்றால் மின்கம்பியில் உருவிய ஒற்றைச் செம்பு இழை. ஊசியை விட்டீர்களானால் பித்தளைத் துளை அகன்றுபோகும், அந்த ஜெட்டின் நம்பருக்கு அப்புறம் அர்த்தமில்லை.

ஸ்லைடில் இதே வேலைக்கு கிளாம்ப் தளர்த்தி, கேபிளோடு கார்பரேட்டரை உருவி, சாய்த்து, பவுல் ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். நகலில் அந்த ஸ்க்ரூ தலைகள் சீக்கிரம் வழுக்கிவிடும். ரப்பர் மேனிஃபோல்டில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் காற்று கசிந்து, எந்த ஜெட் போட்டாலும் டியூனிங் நிற்காது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் காற்றடிக்கும்போது ஓட்டிப் பாருங்கள். மெலிதான ஃபில்டரைத் தாண்டி வரும் தூசி ஸ்லைடின் பக்கச்சுவரில் கோடு போடும். ஸ்லைடு திறந்தபடி சிக்கிக்கொள்வதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

முட்டத்தில் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின் பார்க்கிற ஒரு அண்ணனிடம் இதைக் கொண்டுபோனேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, எதை மாட்டினாலும் சரி, பூட்டி வைக்கதுக்கு முன்னே கிண்ணத்தைக் காலி பண்ணணும். எண்ணெய் நின்னா அடைக்கத்தான் செய்யும்" என்றார். அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது: பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பவுலில் மிச்சத்தையும் வடித்துவிடுகிறோம். பவுல் கேஸ்கெட்டும் ஊசி வால்வும் பம்ப்செட் உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஸ்லைடுக்கு ஆன்லைனில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஸ்லைடைக் குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. அதில் ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியின் கிளிப்பை மேல் பள்ளத்துக்கு ஏற்றினால் ஊசி இறங்கி லீன், கீழ்ப் பள்ளத்துக்கு இறக்கினால் ரிச் (பெட்ரோல் கூடுதல்). கால் திறப்பிலிருந்து முக்கால் திறப்புவரை தனியாகச் சரிசெய்யலாம். எஞ்சினோடு வந்ததில் அந்த வசதி கிடையாது. டியூனிங் படிக்க வேண்டும் என்கிற மாணவனுக்கு அது நல்ல வாத்தியார்.

எங்களுக்கு ஜெட் மாற்றமே போதுமானதாக இருந்தது. காற்றுப்பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டர் போட்டால் கலவை லீனாகும். இ20 அதை இன்னும் கூட்டும்: சுத்தப் பெட்ரோலில் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ20க்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். மி.மீ. கணக்கில் நம்பர் போட்ட ஜெட்டில் 70இலிருந்து 72.5க்குப் போனாலே துளையின் பரப்பு ஏழு சதவீதம் கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு படியாக ஏறுங்கள். பழைய ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்க வேண்டாம், திரும்பிப் போக வழி இருக்காது.

சரிபார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். எஞ்சின் சூடானபின் முழு மிதியில் நேர்ப்பாதையில் விட்டு, சோக்கைக் கால்வாசி இழுங்கள். வேகம் கூடினால் லீன், ஜெட் ஏற்றலாம். தடுமாறினால் போதிய பெட்ரோல் வருகிறது. அப்புறம் முழு மிதியிலேயே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், காப்பிப்பொடி நிறம் சரி. இரண்டு சோதனையும் முரண்பட்டால் நான் ரிச் பக்கமே நிற்பேன். லீனாக ஓடிச் சூடேறிய எஞ்சினைவிடக் கரிபிடித்த பிளக் மலிவு.

கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகிறவர்கள் உயரத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர்தான். நாகர்கோவிலில் செட் செய்த ஜெட் அங்கேயும் ஓடும். ஒரு படி சிறிய ஜெட்டும் ஒரு பவுல் கேஸ்கெட்டும் பெட்டியில் இருக்கட்டும்.