185,000 ரூபாய் போய்விட்டது: முதல் கயாக் வாங்க இருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு வாங்குங்கள்

நேற்றுப் பின்னேரம், எனக்குப் பழைய கயாக் விற்ற ஆள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். ஆத்திரம் அடங்கட்டும், பிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். அடங்கினால் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும். 185,000 ரூபாய். காலபோக நெல் விற்றதில் மிஞ்சியதும் சீட்டுக்காசும் சேர்ந்த காசு அது. கயாக், அதாவது ஒரு ஆள் உள்ளே இருந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய சின்னப் படகு, வாங்கும் யோசனையில் யாராவது இருந்தால் முழுவதையும் வாசியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் இருக்கிறவனுக்கு இது எதற்கு என்று பலர் கேட்டுவிட்டார்கள். உண்மைதான், எங்கள் கனகராயன் ஆறு மாரியில் ஓடும், கோடையில் வெறும் மணல். பாறைக்குள்ளால் நுரைத்துக்கொண்டு ஓடும் ஆறு வேண்டுமென்றால் கித்துல்கலவுக்குப் போக வேண்டும். அங்கே களனி கங்கையில் முதலில் ராஃப்டில், அதாவது பலர் சேர்ந்து போகும் காற்றடித்த படகில், போனேன். அடுத்த தடவை அங்குள்ள பெடியன் ஒருவன் என்னைக் கயாக்கில் ஏற்றி நாலு நாள் பழக்கினான். கவிழ்ந்தால் பதறாமல் வெளியே வருவதை அந்த நாலு நாளில் பிடித்துவிட்டேன். உள்ளே இருந்தபடியே உருண்டு எழும்புவது மட்டும் வரவில்லை. அதற்கு ஓடுகிற ஆறு தேவையில்லை, அசையாத தண்ணீர் போதும். குளத்துக்கா இங்கே குறை? மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டு, முதலை படுக்காத கரையாகப் பார்த்து ஒரு இடமும் பிடித்து வைத்திருந்தேன். சொந்தமாக ஒரு கயாக் மட்டும்தான் இல்லை.

பழைய பொருட்கள் வாங்கி விற்கும் ஒரு இணையத்தளத்தில் விளம்பரத்தைக் கண்டேன். சிவப்புக் கயாக், வெள்ளை டைல்ஸ் தரை, பக்கத்தில் ஒரு நீல வாளி. வெளிநாட்டில் இருந்து வந்தது, இரண்டு வருடம்தான் பாவித்தது, துடுப்பு இலவசம். விலை 185,000 ரூபாய். புதிதாக இறக்குவிப்பதோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

போன் எடுத்தேன். எங்கள் தமிழில் மிகவும் மரியாதையாகக் கதைத்தார். நான் 82 கிலோ என்றும், புதிதாகப் பழகுகிறேன் என்றும் தெளிவாகச் சொன்னேன். "தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பழகுற ஆக்களுக்கெண்டே செய்த சாமான் இது" என்றார். அப்புறம் எந்த இடம் என்று கேட்டார். கிளிநொச்சி என்றதும் குரலே மாறிவிட்டது. "முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் நான் ஒருநாளும் அந்த ரோட்டால போனதில்லை தம்பி. போன கிழமையும் இறங்கிக் கும்பிட்டு, பிள்ளையளுக்குக் கச்சான் வாங்கிக்கொண்டுதான் வந்தனான்."

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். ஏ9 வீதியில் போய்வருகிற எல்லோரும் முறிகண்டியில் இறங்குவார்கள், எல்லோரும் கச்சான் வாங்குவார்கள். அது எனக்குத் தெரியாததா? ஆனாலும் அதைக் கேட்டவுடன் இவர் எங்களுடைய ஆள், எங்களை ஏமாற்றமாட்டார் என்று மனம் முடிவெடுத்துவிட்டது. நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். வங்கிக்கணக்கு வேறொரு பெயரில் இருந்தது. மச்சானுடைய கணக்கு என்றார். அதற்கும் சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கே 185,000 ரூபாயையும் முழுதாகப் போட்டுவிட்டு சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். "பிள்ளையார் துணை" என்று பதில் வந்தது.

ஐந்து நாள் கழித்து லொறியில் வந்து இறங்கியது. தூரத்தில் பார்க்கும்போதே சின்னதாகத் தெரிந்தது. அளவுநாடா பிடித்தேன். ஆறு அடி இரண்டு அங்குலம். நான் கித்துல்கலவில் பழகியது எட்டரை அடி. உள்ளே இறங்கினால் முழங்கால் இரண்டும் மேல்தட்டில் முட்டுகிறது. முன்னுக்குப் பாதம் மிதித்து நிற்கும் தட்டு இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும். கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆற்றில் கயாக்கின் மூக்கு நேராகப் போய்ப் பாறையில் அடித்தால், மிதிக்க ஒன்றும் இல்லாத ஆள் சறுக்கி உள்ளே போய் இறுகிக்கொள்வான். அதற்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். இதைத்தான் அவர் பழகுகிறவனுக்கு என்று விற்றார்.

சரி, வந்தது வந்துவிட்டது, தட்டை நானே செய்து போடலாம் என்று குளத்துக்குக் கொண்டுபோனேன். நான் ஏறியதும் பின்பக்கம் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. பத்து நிமிடத்தில் பின்தொடை நனைந்தது, இருபது நிமிடத்தில் இருக்கைக்குக் கீழே கையளவு தண்ணீர். கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டேன். அடியில், இருக்கைக்கு நேர் கீழே, பெரிய ஸ்டிக்கர் ஒன்று. அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். உரிய உரிய உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அதன் மேல் உருகிய மெழுகுதிரி வடிந்த மாதிரி பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியிருந்தார்கள். நடுவில் கறுப்பு மயிர்க்கோடு ஒன்று ஓடியது, அதற்குள்ளால் தண்ணீர் சொட்டியது. அந்த ஸ்டிக்கர் தானாக வந்து ஒட்டவில்லை. எங்கே ஓட்டை என்று தெரிந்த கைதான் அதை ஒட்டியிருக்கிறது.

முல்லைத்தீவில் மீன்பிடி போட்டுகளுக்கு பைபர் ஒட்டும் அண்ணை ஒருவரிடம் ஏற்றிக்கொண்டு போனேன். தட்டிப் பார்த்த கையோடு சொன்னார், "இது பைபர் இல்லைத் தம்பி, பிளாஸ்டிக். ரெசின் இதில பிடியாது. உருக்கி ஒட்டினாலும் வெயில் குடிச்ச பிளாஸ்டிக், பக்கத்தால திரும்ப வெடிக்கும்." ஒரு சதம் வாங்கவில்லை அந்த மனிதர். பின்பக்கம் பதிந்திருந்த இலக்கத்தையும் அவர்தான் தேய்த்துக் காட்டினார். இந்த இலக்கங்களின் கடைசி இரண்டும் ஆண்டைச் சொல்லும். 06, அதாவது 2006. இரண்டு வருடம் பாவித்த சாமானாம்.

அந்த மாதிரியின் பெயரைத் தேடிப் பார்த்தால் அது விளையாட்டுப் படகு. ஒரே அலையில் நின்று சுற்றவும் குத்துக்கரணம் போடவும் செய்தது. கொள்ளளவு குறைவு, ஓரம் கத்தி மாதிரிக் கூர். ஓட்டத்தில் இருந்து அசையாத தண்ணீருக்குள் திரும்பும்போது, பழகாதவனை அந்த ஓரமே பிடித்துக் கவிழ்த்துவிடும். அதுவும் 65 கிலோவுக்கு மேற்பட்ட ஆளுக்கு இல்லை என்று செய்த கம்பனியே போட்டிருக்கிறது. 82 கிலோ என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லையா?

போன் எடுத்தேன். முதல் நாள் "கோயில்ல நிக்கிறன் தம்பி, பிறகு எடுக்கிறன்". இரண்டாம் நாள் "லொறிக்காரன் போட்டு உடைச்சிருப்பான்". அது பழைய ஒட்டு என்று படம் அனுப்பினேன். மூன்றாம் நாள் "நீங்கள் குளத்துக் கல்லில அடிச்சுப்போட்டு என்னைச் சொல்லுறீங்கள்". ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டேன். "அது அழகுக்கு." பாதிக் காசையாவது தாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன். "பாவிச்ச சாமானுக்குக் காசு திருப்புறேல்ல" என்று வைத்துவிட்டார். நேற்றுப் பின்னேரத்தோடு அதுவும் முடிந்தது.

இணையத்தளத்துக்கு எழுதினேன். வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்க்க வேண்டியது, நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரே பதில் மூன்று தடவை வந்தது. மூன்றிலும் என் பெயர்கூட இல்லை. 185,000 ரூபாய் போனவனுக்கு "அன்பான வாடிக்கையாளரே".

இன்று காலை திரும்பத் தேடிப் பார்த்தேன். வேறு பெயரில் வேறு விளம்பரம், இந்த முறை மஞ்சள் கயாக். அதே வெள்ளை டைல்ஸ், ஓரத்தில் அதே நீல வாளி. அதனால் விவரமாக எழுத நினைத்ததை விட்டு, அவசரத்துக்கு இவ்வளவையும் சொல்லிவிடுகிறேன்.

நேரில் போய், உள்ளே இருந்து பார்க்காமல் ஒரு சதமும் போடாதீர்கள். கவிழ்த்துப் போட்டு அடியைத் தடவுங்கள், முக்கியமாக இருக்கைக்குக் கீழே. ஸ்டிக்கர் இருந்தால் உரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் எழும்பி வாருங்கள். உங்கள் நிறையைச் சொல்லி, செய்த கம்பனி போட்டிருக்கும் நிறை அளவோடு நீங்களே ஒப்பிடுங்கள். முதல் கயாக் விளையாட்டுப் படகாக இருக்கக் கூடாது. எட்டு, ஒன்பது அடி, மழுங்கிய ஓரம், என் உடம்புக்காரனுக்கு 280 லீட்டருக்குக் குறையாத கொள்ளளவு. கால் தட்டு, முன்னும் பின்னும் பிடிக்கும் கயிறு, தண்ணீர் வடிக்கும் அடைப்பான் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிற ஆளின் பெயரும் வங்கிக்கணக்கின் பெயரும் வேறென்றால் வேண்டவே வேண்டாம்.

நாளைக்கு சிலிப்பையும் படங்களையும் எடுத்துக்கொண்டு முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். அந்த மஞ்சள் கயாக்குக்கு யாராவது கதைத்துக்கொண்டிருந்தால், காசு போடுவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அந்த வாளிப் படத்தை அனுப்புகிறேன்.