பொறுத்துப் போகிற பாலிஷ்

கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் இரவில் பெட்ரோல் பங்க் பக்கம் போகக் கூடாது. கூரையில் இருக்கிற எல்இடி விளக்கு நேராக பானெட்டில் விழும். விழுந்த இடத்தைச் சுற்றி சிலந்தி வலை பின்னியது போல வட்டவட்டமாகக் கீறல்கள் தெரியும். என்னுடைய 2012 ஹோண்டா சிட்டியின் லட்சணத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். பகலில் பார்ப்பவர்கள் "வண்டியை நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்கிற கார்தான் அது.

கார் மேல் தப்பில்லை. கோயம்புத்தூரில் பம்புசெட் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. கை துடைக்கக் கிலோ கணக்கில் திருப்பூர் பனியன் வேஸ்ட் வாங்கிப் போட்டிருப்போம். பத்து வருடமாக அதிலேயே ஒரு துண்டை எடுத்து, ஒரே வாளித் தண்ணீரில் நனைத்து, காரையும் துடைத்துவந்தேன். மண்ணும் இரும்புத் தூளும் கலந்த துணியால் தினமும் தேய்த்தால் பெயிண்ட் வேறு எப்படி இருக்கும்?

முதலில் ஒரு கடையில் விட்டேன். பெயர் வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் கண்ணாடி போலத் திருப்பித் தந்தார்கள். மூன்றாவது தடவை கழுவியபோது வலை மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே கீறலை எடுக்கவே இல்லை. எண்ணெயும் மெழுகும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள், கழுவக் கழுவ அது போய்விட்டது என்பது பிறகுதான் புரிந்தது. நாமே ஒரு பாலிஷ் மெஷின் வாங்கிச் செய்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பட்டறையில் பஃபிங் மோட்டார் ஓட்டுகிறவனுக்கு இது பெரிய வித்தையா என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது.

அந்த எண்ணம்தான் முதல் தப்பு. எங்கள் பஃபிங் மாஸ்டர் என்னையும் மிஞ்சினார். "ஏனுங்கண்ணா, நம்ம பச்சை சோப்பையே துணி வீல்ல தேச்சு விட்டா ஆவாதுங்களா?" என்றார். பச்சை சோப்பு என்பது பஃபிங் வீலில் தடவுகிற மெருகுக் கட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கானது. ஸ்டீல் அடி முதல் நுனி வரை ஸ்டீல்தான். எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே அதுவே வரும். காரில் நமக்குத் தேய்க்கக் கிடைப்பது நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் என்னும் நிறமில்லாத பூச்சு மட்டும். அதன் கனம் சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான் இருக்கும். ஒரு ஏ4 தாள் சுமார் 100 மைக்ரான். அந்தத் தாளின் பாதிக் கனத்துக்குள் நம் வித்தையை எல்லாம் காட்டியாக வேண்டும். அது தேய்ந்து போய்விட்டால் பிறகு பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டியுவல் ஆக்‌ஷன் மெஷின் வாங்குங்கள். அது தானும் சுற்றும், மையம் விலகியும் சுற்றும். அதனால் சூடு ஓர் இடத்தில் சேராது. ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் சுற்றும், ஓரங்களில் கண்மூடித் திறப்பதற்குள் பெயிண்டை எரித்துவிடும். என்னுடையது 5 இன்ச் பிளேட், 15 மில்லிமீட்டர் த்ரோ, அதாவது மையம் விலகிச் சுற்றுகிற வட்டத்தின் அகலம். முதல் காருக்கு இது போதும்.

ஆனால் எந்த பாலிஷ் என்பதில்தான் எனக்கு இரண்டு மாதம் போனது. கடைக்காரரிடம் கேட்டால் "நல்லா கட் பண்றது வேணுமா, ஷைனிங் வேணுமா" என்பார். கட் என்றால் கீறலைத் தேய்த்தெடுக்கிற சக்தி. இரண்டும் வேண்டும் என்போம். அவர் பெரிய டப்பா ஒன்றை எடுத்து நீட்டுவார். நானும் அப்படி ஒரு கனமான காம்பவுண்டைத்தான், அதாவது கட் அதிகமுள்ள கரடான பாலிஷைத்தான், முதலில் வாங்கினேன். பழைய டிக்கி மூடி ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் பிடித்து, அதில் போட்டுப் பார்த்தேன். கீறல் போனது, பதிலுக்கு மேல்பரப்பு முழுவதும் புகை படிந்தது போல மங்கியது. பாதி இடத்தில் பாலிஷ் காய்ந்து சுண்ணாம்பு போல ஒட்டிக்கொண்டது. அதைத் துடைத்தெடுக்கப் போய்ப் புதுக் கீறல்கள் வந்தன. பாலிஷைக் குறை சொல்ல மாட்டேன். அது கை தேர்ந்தவர்களுக்கானது; நான் இல்லை.

அப்போதுதான் தேட வேண்டியது என்ன என்று புரிந்தது. முதல் தடவை மெஷின் பிடிக்கிறவன் எல்லாத் தப்பும் செய்வான். கையை வேகமாக ஓட்டுவான், ஒரு பக்கம் அழுத்துவான், நடுவில் ஒயர் சிக்கி நிறுத்துவான். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, சட்டென்று காயாமல், துடைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிற பாலிஷ்தான் வேண்டும். கட் கொஞ்சம் குறைவாக இருந்தால் பரவாயில்லை, இன்னொரு தடவை ஓட்டிக்கொள்ளலாம்.

பாலிஷில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் இருக்கும் துகள்கள் தேய்க்கத் தேய்க்க நொறுங்கி மென்மையாகும். புது எமரி பேப்பர் ஓடி ஓடிப் பழசாகிற மாதிரி. இதில் சுற்றை முழுமையாக முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் கரடாகவே நிற்கும். இன்னொன்றில் துகள் முதலிலிருந்தே மிகப் பொடி, கடைசி வரை அதே அளவு. எப்போது நிறுத்தினாலும் அதே வேலைதான் செய்திருக்கும். கை பழகாதவனுக்கு இரண்டாவது நல்லது என்பது என் கட்சி. இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்கள் நாலைந்து கார் செய்து முடித்தவர்கள்.

இரண்டாவது ஜாதியில் நான் வாங்கியது மெக்வயர்ஸ் எம்205. 1901இல் மரச்சாமான் பாலிஷில் ஆரம்பித்த அமெரிக்கக் கம்பெனி. 2008இலிருந்து 3எம் கையில் இருக்கிறது. எம்205 அவர்களுடைய ஃபினிஷிங் பாலிஷ், அதாவது காம்பவுண்டுக்குப் பிறகு கடைசியில் போடுவது. கடைசியில் போடுவதை முதலிலேயே ஏன் போட வேண்டும்? மெஷின் பிளேட்டில் ஒட்டுகிற பஞ்சு வட்டத்தை, அதாவது பேடை, மாற்றினால் பாலிஷின் குணம் மாறிவிடும் என்பதுதான் காரணம். கறுப்பு மெத்தைப் பஞ்சு பேடில் போட்டால் பளபளப்பு மட்டும் ஏற்றும். கொஞ்சம் விறைப்பான பேடில் போட்டால் மெல்லிய கீறல்களை எடுத்துவிடும். பட்டறையில் சைசல் என்னும் முரட்டு நார் வீலுக்கும் துணி வீலுக்கும் இருக்கிற வித்தியாசமேதான். சோப்பு ஒன்றாக இருந்தாலும் வீலைப் பொறுத்து வேலை மாறும். ஒரு பாட்டில், மூன்று பேட் என்று என் கணக்கு முடிந்தது. சின்ன பாட்டில் 237 மில்லி. முதலிலேயே பெரியதை வாங்காதீர்கள்.

பேட் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆரஞ்சு என்றால் ஒரு கம்பெனிக்கு ஒரு அர்த்தம், இன்னொன்றுக்கு வேறு. ரூபெஸ் இத்தாலிக்காரர்கள் பாட்டிலின் நிறமும் பேடின் நிறமும் பொருந்துகிற மாதிரி வைத்திருக்கிறார்கள்: நீலம் கரடு, பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை மிக மென்மை. யோசிக்கவே விருப்பமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி. ஜெர்மன்காரர்களுடைய மென்சர்னா 3500, சோனாக்ஸ் பெர்ஃபெக்ட் ஃபினிஷ் ஆகிய இரண்டையும் யோசித்தேன். சோனாக்ஸ் பாட்டிலில் 04-06 என்று போட்டிருக்கும். கட் நாலு, பளபளப்பு ஆறு என்று பொருள். எல்லாக் கம்பெனிகளும் இப்படி நேராக எழுதினால் எவ்வளவு நிம்மதி. அந்த பாட்டில் கடையில் இருந்திருந்தால் ஒருவேளை அதையே எடுத்திருப்பேன்.

சரி, ஓட்டிய கதை. மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் காலை 6 மணிக்கே ஆரம்பித்தேன். 10 மணிக்கு மேல் பானெட்டில் கை வைக்க முடியாது, அப்புறம் எந்த பாலிஷும் காயத்தான் செய்யும். முந்தைய நாளே நன்றாகக் கழுவி, களிமண் போன்ற கிளே பாரை ஷாம்பூத் தண்ணீரோடு தடவிச் சொரசொரப்பை எடுத்து வைத்திருந்தேன். கை வைத்தால் கண்ணாடி டம்ளர் போல இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மெஷின் ஓட்டினால் ஒட்டியிருக்கும் அழுக்கையே காரின் மேல் தேய்த்த கதைதான்.

பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. புது பேடாக இருந்தால் முதலில் கொஞ்சம் கூடுதலாகத் தடவி ஈரமாக்கிக்கொள்ள வேண்டும். 2 அடிக்கு 2 அடி இடம். மெஷினைப் பெயிண்டில் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். நான் முதலில் காற்றில் ஓடவிட்டுச் சட்டை முழுவதும் பாலிஷ் வாங்கிக்கொண்டேன். மெஷினின் வேக எண்ணை 1இல் வைத்துப் பரப்பி, 4, 5இல் ஓட்டி, நொடிக்கு ஓர் இன்ச் வேகத்தில், ஒரு கோடு அடுத்த கோட்டில் பாதி படிகிற மாதிரி நாலு தடவை. பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அழுத்தினால் பிளேட் சுற்றுவதை நிறுத்தி அதிர மட்டும் செய்யும், வேலை நடக்காது. கோடு சுற்றுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தச் சின்ன யோசனை எனக்கு ஒரு நாள் உழைப்பை மிச்சம் செய்தது.

எம்205 எனக்குப் பிடித்தது இங்கேதான். நடுவில் நின்று மூச்சு வாங்கினேன், போன் எடுத்தேன், திரும்ப வந்தும் ஓட்ட முடிந்தது. மைக்ரோஃபைபர் துணியை மடித்து இரண்டு இழுப்பு, வந்துவிட்டது. தூசி பறக்கவில்லை. முதல் சதுரம் முடித்ததும் டார்ச் அடித்தேன், வலையைக் காணோம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாதியோட விட்றாதீங்க" என்றாள்.

பார்த்ததையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பாலிஷில் இருக்கிற எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கும் கீறல்களை மறைக்கும். அந்தக் கடையில் நடந்ததும் அதுதானே. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைச் சரிபாதி தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்தேன். பத்தில் இரண்டு கீறல் எட்டிப் பார்த்தது. அந்த இடத்துக்கு மட்டும் விறைப்பான பேடைப் போட்டு இன்னொரு சுற்று. நகம் மாட்டுகிற ஆழமான கீறல் எதுவும் இதில் போகாது, போகவைக்கவும் முயற்சி செய்யாதீர்கள். டிரைவர் பக்கக் கதவில் கொத்துச்சாவி இழுத்த கோடு ஒன்று இருக்கிறது. அது இருக்கட்டும்.

தப்பும் நடந்தது. பின் பம்பருக்கு மேல் ஓடுகிற கறுப்பு பிளாஸ்டிக் பட்டையில் டேப் ஒட்ட மறந்துவிட்டேன். பாலிஷ் அதில் ஏறி வெள்ளையாய்க் காய்ந்துவிட்டது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு அரை மணி நேரம் தேய்த்தும் ஓரத்தில் இன்னும் கோடு தெரிகிறது. அடுத்த தடவை முதல் வேலை நீல மாஸ்கிங் டேப்தான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பேடைப் பிரஷ்ஷால் தட்டினேன். கம்ப்ரஸர் பக்கத்தில் இருந்ததால் காற்றும் அடித்தேன். இந்த வசதி எல்லோருக்கும் இருக்காது, அவர்கள் இரண்டு பேடாவது கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டும். பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம். மேலே மெழுகு போட்டு முடித்தேன். பாலிஷ் பாதுகாப்பு தராது, அது வேறு வேலை.

பஃபிங் மாஸ்டர் திங்கட்கிழமை வந்து பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவினார். "என்ற டூ வீலருக்கும் இதே ஊத்துவீங்களாண்ணா?" என்று கேட்டார். டாங்க் மட்டும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பதிலுக்கு இனி பனியன் வேஸ்ட் கார் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.